கிணறு மூச்சுவிட ஒரு குழாய்

சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்த இரும்புக் குழாய். மார்பு உயரத்தில் இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்து, வாயைச் சுற்றி மட்டும் பித்தளை வளையம் ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். அதன் கீழே கண்ணாடிப் பலகையில் அழகான எழுத்தில் ஒரு குறிப்பு: ‘மேல்மாடியில் இருப்பவர்களோடு பேசுவதற்கு அந்நாளில் பயன்பட்ட குழாய்.’ நான் அதை இரண்டு தடவை படித்தேன். முப்பத்தைந்து வருடம் கட்டட அனுமதிப் பிரிவில் கோப்பு படித்தவன் நான். தெரியாத ஒன்றை எழுதும்போதுதான் மனிதர்களுக்கு இத்தனை தெளிவான நடை வரும் என்பது என் அனுபவம். அந்தக் குழாய் மேலே எங்கும் போகவில்லை. கீழே போகிறது. அது எதற்கு வைத்தது என்று தெரிந்தவர்களில், அன்றைக்கு மிச்சமிருந்தது இரண்டே பேர்தான் என்று நினைக்கிறேன். ஒருவன் நான். இன்னொருவர் எங்கள் அலுவலகத்து டிரேசர் அம்மா.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் குழாயின் முன்னால் நான் எப்படிப் போய் நின்றேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கோவையின் பழைய பகுதியைச் சுற்றிக் காட்டும் நடை ஒன்று சனிக்கிழமைதோறும் நடக்கிறது. மணிக்கூண்டில் கூடி, பெரியகடை வீதியின் பின்புறச் சந்துகளில் நுழைந்து, பழைய மாளிகைகளையும் அவற்றுக்குள் புதிதாக முளைத்த அருங்காட்சியகங்களையும் பார்த்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டும் ஆட்டமும் நடக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் முடிப்பார்கள். கட்டணம் உண்டு. ஓய்வூதியருக்குச் சலுகை கிடையாது. எதற்கு விதிப்படி சலுகை உண்டு, எதற்கு இல்லை என்று நன்றாகத் தெரிந்தவன் என்பதால் கேட்காமலே கட்டினேன். அந்தத் தெருக்களின் ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் என்னிடம் ஒரு காலத்தில் கோப்பு இருந்தது. என் கோப்புகளை மற்றவர்கள் எப்படிக் கதையாகச் சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை. வேறு காரணம் இல்லை.

நடையை நடத்தியது முப்பது வயது இருக்கும் ஒரு பெண். நாங்கள் முடிக்க வேண்டிய மாளிகையின் நிர்வாகியும் அவர்தான். கெட்டிக்காரி. எல்லோரையும் ‘ஐயா’, ‘அம்மா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பஞ்சு வியாபாரி ஒருவரின் வீட்டில் தராசுகளையும் இரும்புப் பெட்டிகளையும் வரிசையாக வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். அடுத்த சந்தில் ஓர் அத்தர் வியாபாரியின் வீடு. மாடியில் இன்னும் குடும்பம் இருக்கிறது, கீழே கூடத்தில் புட்டிகள் காட்சிக்கு. நிர்வாகி ஒரு நீலப் புட்டியைக் காட்டி நூறு வருடத்துக்கு முந்தையது என்று தொடங்கியதும், உள்ளேயிருந்து வெள்ளைத் தொப்பியோடு வந்த பெரியவர், “அம்மணி, அது போன ரம்ஜானுக்கு வித்ததுல மிச்சம்மா. பழசு அந்தப் பக்கம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பெரியவர் ஆளுக்கு ஒரு சொட்டு மணிக்கட்டில் தடவி அனுப்பினார். வெளியே தள்ளுவண்டிகளில் காளான் கடைக்காரர்கள் தோசைக்கல்லைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். மொட்டை மாடிகளில் வண்ண விளக்குகள் எரிய ஆரம்பித்தன. நான் வேலை பார்த்த காலத்தில் ஏழு மணிக்குக் கதவடைத்துக்கொண்ட தெரு அது. இப்போது ஏழு மணிக்குத்தான் விழிக்கிறது.

கடைசி மாளிகை ஒரு தொட்டிக்கட்டு வீடு. நாலு பக்கமும் அறைகள், நடுவில் வானம் தெரிகிற முற்றம் என்று கட்டுவார்களே, அந்த மாதிரி. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரி வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீடு. முற்றத்துக்கு மேல் கூரை போட்டு, அதை ஒரு பெரிய கூடமாக மாற்ற நாற்பது வருடத்துக்கு முன்னால் அனுமதி கொடுத்தவன் நான். சுற்றியுள்ள அறைகளில் இப்போது அருங்காட்சியகம். கூடத்தில் வாரக் கடைசியில் பாட்டுக் கச்சேரி, டிரம்ஸ், இளைஞர்கள் கூட்டமாகக் குதித்து ஆடுவது. நாங்கள் போனபோது அன்றைய குழுவினர் ஒலிபெருக்கிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தக் குழாய்ல காதை வெச்சுப் பாருங்க. ஊடு பேசறது கேக்கும்” என்றார் நிர்வாகி. ஒவ்வொருவராக வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கடல் சத்தம் கேட்கிறது என்றார். என் முறை வந்தது. குளிர்ந்த காற்று காதில் பட்டது. ஈரக்கல் வாசனை. அந்த நேரம் பார்த்து டிரம்ஸ்காரர் சோதனைக்காக நாலு அடி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் கழித்துக் குழாய்க்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. அது மட்டுமாக இருந்தால் வயதான காது என்று விட்டிருப்பேன். பதிலுக்குப் பின்னால் பொலபொலவென்று என்னவோ உதிர்ந்தது. உதிர்ந்தது நெடுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்தது.

டிரேசர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கணினி வருவதற்கு முன்னால் கட்டட வரைபடங்களை மெல்லிய டிரேசிங் துணியில், மையால், கோட்டுக்குக் கோடு நகல் எடுக்கிற வேலை. அலுவலகத்தின் படிநிலையில் கீழிருந்து எண்ணுவது சுலபம். எங்கள் டிரேசர் அம்மா வீட்டில் தெலுங்கும் வெளியில் அச்சுப் பிசகாத கோயமுத்தூர்த் தமிழும் பேசுவார். சன்னலோர மேசையில் குனிந்தபடியே இருப்பார். நகல் எடுப்பவர் வரைபடத்தைப் படிக்க வேண்டியதில்லை, கோட்டைப் பார்த்தால் போதும். இவர் படிப்பார். படித்துவிட்டுக் கேள்வி கேட்பார். “ஏனுங்க சார், இந்தக் கக்கூஸுக்குக் கதவு வெக்கலீங்களே, உள்ள போறவங்க எப்படிங்க போவாங்க?” என்று ஒரு பெரிய மனிதரின் வரைபடத்தைக் காட்டி அவர் எதிரிலேயே கேட்டவர்.

இந்த மாளிகையின் கோப்பு வந்தபோது அவர் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒன்று அந்த வீட்டின் மிகப் பழைய வரைபடம். முற்றத்தின் நடுவில் ஒரு வட்டம். கிணறு. மற்றொன்று புதிதாகக் கொடுத்தது. வட்டம் இல்லை.

“சார், இந்த வட்டம் எங்கீங்க போச்சு?”

“கிணற்றைத் தூர்த்திருப்பார்கள்” என்றேன்.

“தூத்துட்டாங்கன்னு எழுதலீங்களே.”

கேள்வி சரியானதுதான். கிணறு இருந்த இடத்தில் தளம் போடுவதானால் அதை அடியிலிருந்து மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பி, நிரப்பியதை ஒருவர் நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டும். அந்த ஒருவர் நான். டிரேசரைத் தலத்துக்கு அழைத்துப்போகும் வழக்கம் கிடையாது. அவர் விடாமல் கேட்டதால், வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளட்டும் என்று அழைத்துப் போனேன்.

சிறுவாணித் தண்ணீர் வீட்டுக்குள் குழாயில் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஊரில் எல்லோருக்கும் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் கிணற்றை யாரும் தூர்க்க மாட்டார்கள். தூர்த்தால் குடும்பமும் தூர்ந்துபோகும் என்பது நம்பிக்கை. அதனால் பழைய தண்டவாளக் கம்பிகளைக் குறுக்கே போட்டு, மேலே கல்பலகை பரப்பி, அதற்கு மேல் தரை போட்டுவிடுவார்கள். கிணறு மூச்சு முட்டிச் சாகக்கூடாது என்று அதிலிருந்து ஒரு குழாயை இழுத்துச் சுவரில் விடுவார்கள். கிணறு கீழே உயிரோடு இருக்கும், வீடு மேலே விளங்கும். இதில் எனக்குக் கேலி எதுவும் இல்லை. ஒரு நம்பிக்கைக்கு இவ்வளவு இரும்பு செலவழித்தவர்களைக் கேலி செய்ய முடியாது.

வீட்டுக்கார அம்மா வாசல்வரை வந்து வரவேற்றார். வெள்ளைச் சேலை, கனத்த குரல், கண்ணில் ஒரு பயம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூடத்துக்குக் கூரை போட்டு அதில்தான் பந்தி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “வெய்யல்ல வந்திருக்கறீங்க, சாப்டுபோட்டுத்தான் போகோணும்” என்றார். இடியாப்பம் போலப் பிழிந்த சந்தவையும் தேங்காய்ப்பாலும் வந்தன. சூடான சந்தவையின் மீது பால் ஊற்றும்போது எழும் வாசனையை வைத்து எந்த அதிகாரியையும் உட்கார வைத்துவிடலாம். பாய் விரித்த இடம் முற்றத்தின் நடு. நான் உட்கார்ந்தேன். டிரேசர் அம்மா, “எனக்கு இன்னிக்கு விரதமுங்க. தண்ணி மட்டும் போதும்” என்றார். அன்று எந்த விரதமும் இல்லை என்பது பஞ்சாங்கம் பார்க்கிற எனக்குத் தெரியும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறும் பித்தளை டம்ளரின் அடியால் தரையைத் தட்டினார். சுவரோரம் ஒரு தட்டு, பாய் ஓரத்தில் ஒரு தட்டு. இரண்டும் ஒரே சத்தம் இல்லை. “கேக்குதுங்களா சார்?” என்றார். எனக்குக் கேட்டது. நான் வாயில் வைத்ததை விழுங்கிவிட்டு, “சாப்பிடற எடத்துல என்னம்மா தாளம்?” என்றேன்.

வீட்டுக்கார அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லத் தெரியாதவர். “தூர்க்கலீங்க. மூடித்தான் இருக்குது. தூர்க்கச் சொல்லீராதீங்க சாமி. பொண்ணு கண்ணாலம் வெச்சிருக்கறனுங்க. பொறவு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?” என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஒரு நிமிடத்தைப் பின்னால் பல தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். நான் லஞ்சம் வாங்கியவன் இல்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு, அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்றும் சொல்லலாம். வாங்காதவன் எழுதுவதெல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் சாப்பிட்ட கையை இன்னும் கழுவவில்லை. அந்தக் கையால் அவர் சொன்னதற்கு எதிராக எழுதுவது அநாகரிகம் என்று பட்டது. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஒரு கனம் உண்டு. ‘ங்க’ போட்டுக் கேட்பவர்களிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்ல நாக்குப் புரளாது. அத்தோடு, எனக்குக் கீழே நாலு படி தள்ளி இருக்கும் ஒருவர் டம்ளரால் தட்டிக் கண்டுபிடித்ததை நான் ஒப்புக்கொள்வதா என்பதும் இருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பியதும் கோப்பில் எழுதினேன்: ‘தலத்தை நேரில் ஆய்வு செய்தேன். கிணறு முழுவதும் நிரப்பப்பட்டுள்ளது.’ இரண்டு வாக்கியம். முதலாவது உண்மை.

டிரேசர் அம்மா நகல் எடுக்க உட்கார்ந்தபோது, “வட்டம் வேண்டாம்” என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். “சரிங்க” என்றார். அந்த வருடக் கடைசியில், பதவி உயர்வுக்காக மேலதிகாரி எழுதி அனுப்பும் அவருடைய ரகசிய அறிக்கையில், ‘தன் பணிக்கு அப்பாற்பட்ட விஷயங்களில் தேவையற்ற கேள்விகள் எழுப்புகிறார்’ என்று எழுதினேன். அடுத்தடுத்த வருடங்களில் அதையே வேறு சொற்களில் எழுதினேன். அவர் டிரேசராகச் சேர்ந்து டிரேசராகவே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் நான் பேசியதைக் கேட்டிருந்தால் அவரை நான்தான் வளர்த்துவிட்டேன் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

குழாயிலிருந்து காதை எடுத்துவிட்டு நிர்வாகியிடம் போனேன். இந்தத் தரைக்குக் கீழே கிணறு இருக்கிறது, இன்றைக்கு நிகழ்ச்சி வேண்டாம் என்றேன். அவர் சிரித்த முகம் மாறாமல், “ஐயா, அதெல்லாம் பாத்துட்டுத்தானுங்க ஆரம்பிச்சோம். உறுதிச் சான்று இருக்குதுங்க” என்றார். கேட்டதும் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். கேட்டால் கோப்பைக் காட்டாத இடங்களில்தான் நான் வாழ்நாளைக் கழித்தேன். சமீபத்தில் ஒரு பொறியாளர் சான்று கொடுத்திருந்தார், அதற்கு முன் இன்னொருவர். பிந்தையவர் முந்தையவரை மேற்கோள் காட்டியிருந்தார். முந்தையவர் அலுவலகப் பதிவை மேற்கோள் காட்டியிருந்தார். கடைசித் தாள் என் கையெழுத்து. நாற்பது வருடமாக ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்றிருக்கிறார்கள், அடியில் நான் நிற்கிறேன், எனக்குக் கீழே ஒன்றும் இல்லை.

“இது நான் எழுதியது. பொய்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயதானவருக்கு என்னவோ குழப்பம் என்று நினைத்திருக்க வேண்டும். “உக்காருங்க ஐயா, தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். மணி ஆறு. ஏழு மணிக்கு வாசல் திறப்பார்கள். நூறு பேருக்கு மேல் வருவார்கள் என்று அவர்தான் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டின் வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். காலம் கடந்த பதிவுகளை எங்கள் அலுவலகம் முறைப்படி எடைக்குப் போட்டபோது, பழைய பேப்பர் கடையில் தற்செயலாக இந்த ஒன்று மட்டும் கிடைத்ததாம். சட்டம் போட்டு, பின்னால் விளக்கு வைத்து, சுவரில் மாட்டியிருந்தார்கள். டிரேசர் அம்மாவின் துணி நகல். ஒரு கோடு நடுங்கவில்லை. விளக்கு வெளிச்சம் துணி முழுக்கப் பாலாகப் பரவியிருக்க, முற்றத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கூர்மையாக எரிந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். துளை. காம்பஸின் முள் குத்திய துளை. வட்டம் வரையப்போகிறவர் முதலில் நடுவில் முள்ளை ஊன்றுவார். அவர் ஊன்றியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கிறார்.

“அதுங்களா, பூச்சி அரிச்ச ஓட்டைன்னு நெனச்சோம்” என்றார் நிர்வாகி.

என் சட்டைப் பையில் இருந்த நுழைவுச்சீட்டின் ஓரத்தை அளவுகோலாக வைத்து, துளைக்கும் சுவர்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டேன். எட்டடிக்கு ஓர் அங்குலம் என்று ஓரத்தில் அவரே எழுதியிருந்தார். கிழக்குச் சுவரிலிருந்து பதினாறு அடி. குழாய் இருக்கும் சுவரிலிருந்து பன்னிரண்டு. கூடத்துக்கு வந்து அடிமேல் அடி வைத்து அளந்தேன். வந்து நின்ற இடத்தில் ஆடுகிறவர்களுக்காக வெள்ளை நாடா ஒட்டிக் கட்டம் போட்டிருந்தார்கள். அதன் நட்டநடுவில் நின்றேன்.

“இங்கே ஒரு துளை போடுங்கள். உள்ளே மண் வந்தால், உடைந்த தரையோட்டுக்கு நான் பொறுப்பு. யாருக்கு வேண்டுமானாலும் போன் செய்து என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள்” என்றேன்.

அவர் யோசித்தார். கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு மைக்செட்காரரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கி மாட்டத் துளையிடும் மெஷின் அவரிடம் இருந்தது. “நல்ல ஓடுங்க இது. பாத்துக்குங்க, நீங்கதான் சொல்றீங்க” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மண்டியிட்டார். ஓடு உடைந்தது. காரையும் கல்லும் தூளாக வந்தன. நாலு அங்குலம் போயிருக்கும். மெஷின் திடீரென்று முனகலை மாற்றி, பிடிவரை உள்ளே சறுக்கியது. அவர் பதறி வெளியே இழுத்தார். ஊசியின் நுனியில் மண் இல்லை. தண்டவாளத் துருவின் செதில்கள், செங்காவி நிறத்தில், விரலால் தொட்டதும் பொடியாயின. அந்தத் துளையிலிருந்து எங்கள் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது.

நிர்வாகி பூந்தொட்டியிலிருந்து ஒரு பொடிக்கல்லை எடுத்து வந்து துளைக்குள் போட்டார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தபடி இருந்தோம். மைக்செட்காரர் வாய்க்குள் எண்ணினார். இரண்டு என்று எண்ணி முடித்த பிறகு கீழே தண்ணீர் சத்தம் கேட்டது. “அடக் கடவுளே, இத்தன நாளா இது மேலயா ஆடுனோம்” என்றார்.

குழுவினர் ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, கூடத்தின் குறுக்கே போகாமல் சுவரோடு சுவராக ஒட்டி நடந்து வெளியேறினார்கள். டிரம்ஸை நடுவிலேயே விட்டுவிட்டார்கள்.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. நிகழ்ச்சி ரத்து என்று நிர்வாகி சொன்னதும் கூச்சல். “ஏனுங்க, சூலூர்லருந்து வந்திருக்கறோம்”, “கடேசி நேரத்துல சொன்னா எப்படிங்க?” அவர் தடுமாறினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தரை சரியில்லை, உள்ளே போனால் ஆபத்து என்றேன். “நீங்க யாருங்க அதச் சொல்றதுக்கு?” என்றான் முன்னால் நின்ற ஓர் இளைஞன். எந்தக் கேள்விக்கும் விதி எண்ணோடு பதில் சொல்லிப் பழகியவன் நான். “சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒதுங்கினான். அங்கேயே ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகியிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்றவரை இத்தனை பழைய தவறுக்காக விசாரிக்கக் கால வரம்பு உண்டு. அது எப்போதோ கடந்துவிட்டது. எழுதும்போது அந்த விதி எனக்கு மனப்பாடமாக நினைவுக்கு வந்ததுதான் வெட்கமாக இருந்தது.

டிரேசர் அம்மாவின் எண் என் போனில் பல வருடமாக இருக்கிறது. ஓய்வூதியர் குழுவில் தினமும் பூப்படம் அனுப்புகிறவர்களில் அவர் இல்லை. நானும் இல்லை. மகள் வீட்டோடு அன்னூரில் இருக்கிறார். ஞாயிறு காலை கூப்பிட்டேன். பெயர் சொன்னேன்.

“அட, சாருங்களா! குரூப்புல ஒரு வார்த்த பேச மாட்டீங்க, போய்ச் சேந்துட்டீங்கன்னு நெனச்சனுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், “ஆருக்காச்சும் அடி கிடி பட்டுச்சுங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்பச் செரி.”

துளையைப் பற்றிக் கேட்டேன். “வட்டம் போடாதீங்கன்னு சொன்னீங்க. போடலீங்க. முள்ளு குத்தாதீங்கன்னு நீங்க சொல்லலீங்களே” என்றார். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. அவருடைய ரகசிய அறிக்கையில் நான் எழுதியதையும் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்.

“தெரியுமுங்க சார். அதை டைப் அடிச்சவ என்ற பக்கத்து ஊட்டுக்காரிதானுங்க. அன்னிக்கே வந்து சொல்லிப்போட்டா. இப்ப அதைப் பேசி என்னங்க, பிரமோசனா குடுக்கப் போறீங்க?”

எங்கோ கோழி கத்துவது போனில் கேட்டது. பேச்சை முடிக்கும் விதமாக, எப்படியோ அந்த ஒரு வீட்டின் கோப்பு சரியாகிவிட்டது, அந்த மட்டில் நிம்மதி என்றேன்.

“எந்த ஒரு ஊடுங்க?” என்றார்.

அந்தத் தொட்டிக்கட்டு வீடுதான் என்றேன்.

“நெரப்பியாச்சுன்னு நீங்க எழுதுனது அந்த ஒரு ஊட்டுக்குத்தானுங்களா? பொறவு எத்தன ஊட்டுல பாய் போட்டு உக்காந்தீங்க, நெனப்பிருக்குதுங்களா?”

நினைவில்லை. அதுதான் உண்மை. தூர்க்கச் சொல்ல வேண்டாம் என்று ஒரு வீட்டில் கும்பிட்டது மற்ற வீடுகளுக்குத் தெரிந்துபோனது. ஒரு முறை எழுதிய வாக்கியம் இரண்டாம் முறை யோசனையில்லாமல் வந்தது. பிறகு உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்து பார்க்கக்கூட இல்லை. வீடுகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. அவற்றில் பாதி இப்போது வீடுகளே அல்ல. துணிக்கடை, லாட்ஜ், பேக்கரி, இரவு பதினொரு மணிவரை ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் பரோட்டாக் கடை.

“எல்லாத்துலயும் குத்துனனுங்க” என்றார். “துணியெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்கன்னு இப்பத்தான் நீங்க சொல்லித் தெரியுது. செரி, போவுது. என்ற கை போட்டதுங்க, எனக்கு மறக்காது. நோட்டு எடுத்துக்குங்க.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தேன். அவர் மணிக்கூண்டிலிருந்து தொடங்கினார். கதவு எண், யார் வீடு, கிழக்குச் சுவரிலிருந்து எத்தனை அடி, வடக்குச் சுவரிலிருந்து எத்தனை அடி. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ஒரு இடத்திலும் தயங்கவில்லை. நான் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதினேன். ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தின் பாதியில் அவர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேனாவை மூடினேன்.

“எழுதிட்டீங்களா சார்?” என்றார் டிரேசர் அம்மா. “இது பெரியகடை வீதிக்கு வடக்கால மட்டுந்தானுங்க.”